வயிற்றுக்கு ஓய்வும் சாமிக்கு விரதமும்

(நெய்வேலி நகரியத்தில் தோழர்கள் கூட்டிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று பட்டினியைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். பட்டினிப் பேச்சு நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் இதுவரை அது இரண்டு விதமாகத்தான் நடந்து வந்திருக்கின்றது. ஒன்று, சோறு கிடைக்காதவன் "பட்டினி கிடக்கிறேனே" என்று அழுவது. மற்றொன்று, சோறு மிகுந்தவன் "பட்டினி கிட, புண்ணியம் வரும்" என்று பிறருக்கு உபதேசம் செய்வது. இப்பொழுது மூன்றாவதாக ஒன்று புறப்பட்டிருக்கின்றது. இன்டர்மிட்டன்ட் ஃபாஸ்டிங் என்று அதற்குப் பெயர். அதாவது இடைவிட்டு உண்ணாதிருத்தல். ஒரு நாளில் எட்டு மணி அல்லது பத்து மணி நேரத்துக்குள் உண்ண வேண்டியதை உண்டுவிட்டு, மற்ற நேரமெல்லாம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் வயிற்றுக்குப் போடாமல் இருப்பதுதான் அதில் மிகவும் வழக்கத்திலிருக்கும் முறை.

இதனால் ஜீரணம் சீராகும், நெஞ்செரிச்சல் போகும், உடல் இளைக்கும் என்று சொல்லுகிறார்கள். உடனே நம் வைதிகர்களும், "பார்த்தீர்களா, எங்கள் முன்னோர் ஏகாதசி என்று சொன்னதைத்தான் வெள்ளைக்காரன் இப்பொழுது கண்டுபிடித்திருக்கிறான்" என்று கிளம்பிவிட்டார்கள். ஆகையால் இதில் உள்ள உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது நம் கடமையாகின்றது. விரதத்தை நாம் கண்டிக்கிறோம் என்பதற்காக, உண்ணாதிருப்பதால் தேகத்துக்கு நன்மையே இல்லை என்று சாதித்தால் அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான்.

வயிறு என்ன செய்கிறது?

முதலில் வயிற்றின் வேலையைப் பார்ப்போம். நாம் ஒரு வேளை உண்ட சாதாரண உணவு இரைப்பையை விட்டுக் காலியாவதற்குச் சுமார் இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகின்றது. எண்ணெயும் நெய்யும் மிகுந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதன் பிறகு சிறுகுடலில் சத்து பிரிக்கப்படுகின்றது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய் வெளியேற ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும்.

இதில் நம்மில் பலர் அறியாத ஒரு வேலை இருக்கின்றது. இரைப்பையும் சிறுகுடலும் காலியான பிறகு, மேலிருந்து கீழாக ஒரு பெரிய அலை போலக் குடல் தன்னைத்தானே சுருக்கி, மிஞ்சிக் கிடக்கும் துணுக்குகளையும் கிருமிகளையும் கீழே தள்ளுகின்றது. வீட்டைப் பெருக்குவது போன்ற வேலை இது. சுமார் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு தடவை இந்தப் பெருக்கல் நடக்கும். பசி நேரத்தில் வயிறு கடமுடவென்று சத்தமிடுகிறதே, அதில் ஒரு பங்கு இந்த வேலையின் சத்தந்தான். ஆனால் எப்பொழுது மறுபடியும் ஒரு கவளத்தை உள்ளே போடுகிறோமோ, அப்பொழுதே குடல் பெருக்குவதை நிறுத்திவிட்டுச் சமையலுக்குப் போய்விடுகின்றது.

இதை வைத்து யோசித்துப் பாருங்கள். காலையில் இட்டிலி, பத்து மணிக்கு வடையும் டீயும், ஒரு மணிக்குச் சாப்பாடு, நான்கு மணிக்குப் பஜ்ஜி, ஆறு மணிக்கு மிக்சர், இரவு பத்தரைக்குப் பரோட்டா, படுக்கும் முன் பால், பழம் என்று இருந்தால், குடல் எப்பொழுது பெருக்கும்? வாய்க்கு மட்டும் வேலை தெரியுமே தவிர, அதற்குக் கீழே இருப்பவனுக்கும் ஓய்வு வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

இதைச் சொல்வதற்கு முனிவர் தயவு வேண்டியதில்லை. திருக்குறளில் மருந்து என்றே ஒரு அதிகாரம் இருக்கின்றது. முன்னே உண்டது செரித்துவிட்டதைத் தெரிந்துகொண்டு பிறகு உண்டால் உடம்புக்கு மருந்தே தேவையில்லை என்பது அதில் உள்ள கருத்து. அதில் திதி இல்லை, நட்சத்திரம் இல்லை, சாமி இல்லை, சொர்க்கம் இல்லை. செரித்ததா, பசித்ததா, எவ்வளவு தாங்கும் என்ற கேள்விதான் இருக்கின்றது. 1949 ஜனவரியில் சென்னையில் குறள் மாநாடு கூட்டிப் பெரியார் அந்த நூலைப் பாமர மக்களிடம் கொண்டுபோனதற்கு இப்படிப்பட்ட கருத்துகளே காரணம்.

விளக்கும் இராப்பலகாரமும்

முன்காலத்தில் கிராமத்து உழவன் விளக்கு வைத்துச் சிறிது நேரத்துக்குள் உண்டு படுத்து, விடிந்து வேலைக்குப் போன பிறகுதான் கஞ்சி குடித்தான். அவன் விரதம் இருக்கவில்லை. எண்ணெய் விலையும் இருட்டும் சேர்ந்து அவனைப் பன்னிரண்டு மணி நேரம் வாயை மூட வைத்தன. இப்பொழுதோ, இந்த நெய்வேலியிலிருந்து கம்பி வழியாகப் போகும் மின்சாரம் ஊரெங்கும் இரவைப் பகலாக்கிவிட்டது. நல்லதுதான்; அது அறிவின் வெற்றி. ஆனால் விளக்கு எரிகிற வரையில் வாயும் அரைக்க வேண்டும் என்று சட்டமில்லையே!

அமெரிக்காவில் சால்க் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்யும் சச்சிதானந்த பாண்டா என்பவரும் அவருடைய கூட்டாளியும் 156 பேர் எந்நேரம் எதை வாயில் போடுகிறார்கள் என்பதைக் கைப்பேசி மூலம் குறித்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். பாதிப் பேர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 மணி நேரமோ அதற்கு மேலோ ஏதாவது உண்டு கொண்டே இருந்தார்களாம். அவர்களைக் கேட்டிருந்தால் "நாங்கள் மூன்று வேளைதான் சாப்பிடுகிறோம்" என்று சத்தியம் செய்திருப்பார்கள். நம் வீட்டிலும் கணக்கெடுத்துப் பார்த்தால் கதை வேறாக இராது.

இரவில் வயிறு முட்ட உண்டு உடனே படுத்தால் இரைப்பையிலுள்ள அமிலம் மேலே ஏறி நெஞ்சை எரிக்கின்றது. நிற்கிறபோது கீழே இருக்கிற தண்ணீர், குடத்தைச் சாய்த்தால் வாய்க்கு வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆகையால் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடித்துவிடு என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இடைவிட்ட பட்டினியால் நெஞ்செரிச்சல் குறைந்தது என்று சொல்லுபவர்களில் பலருக்கு நன்மை செய்தது இந்த இராப்பலகாரத்தை விட்டதுதான்.

பரீட்சை என்ன சொல்லுகின்றது?

நிற்க. இதனால் ஆகாதது ஒன்றுமில்லை என்று விளம்பரம் செய்கிறார்களே, அதைப் பார்ப்போம். அறிவுக்கும் மதத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். மதம் சொன்னதைப் பரீட்சித்துப் பார்த்தால் பாவம். அறிவு சொன்னதைப் பரீட்சிக்காமல் நம்பினால்தான் பாவம்.

2012-இல் பாண்டாவின் கூட்டத்தார் எலிகளை இரண்டு வகுப்பாகப் பிரித்து ஒரே கொழுப்புத் தீனியைப் போட்டார்கள். ஒரு வகுப்பு எந்நேரமும் தின்றது. மற்றொரு வகுப்புக்கு எட்டு மணி நேரம் மட்டுமே தீனி. இரண்டும் தின்ற அளவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் நேரம் குறித்துத் தின்ற எலிகள் அவ்வளவாகக் கொழுக்கவில்லை. இதைக் கேட்டதும் உலகமே துள்ளிக் குதித்தது.

பிறகு மனிதர்களிடம் பார்த்தார்கள். அமெரிக்காவில் 116 பேரை வைத்து 12 வாரம் நடத்திய பரீட்சையின் முடிவு 2020-இல் வெளிவந்தது. பகல் 12 மணி முதல் இரவு 8 மணிக்குள் உண்டவர்களுக்கும், வழக்கம்போல் மூன்று வேளை உண்டவர்களுக்கும் எடை குறைந்ததில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. சீனாவில் குவாங்சோ நகரில் பருத்த உடம்புள்ள 139 பேரை ஓராண்டு வைத்துப் பார்த்தார்கள். 2022-இல் முடிவு வந்தது. இரு சாராருக்கும் உணவின் அளவைக் குறைத்தார்கள். ஒரு சாராரை மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் உண்ணச் செய்தார்கள். இரு சாராருக்கும் எடை குறைந்தது. ஆனால் நேரம் குறித்தவர்களுக்கு அதனால் தனி லாபம் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுமில்லை.

இதிலிருந்து என்ன தெரிகின்றது? கடிகாரம் மந்திரமல்ல என்று தெரிகின்றது. நேரத்தைச் சுருக்கியதால் வாய்க்குப் போகும் அளவும் குறைந்தால், உடல் இளைக்கும். எட்டு மணி நேரத்துக்குள் இருபது மணி நேரத் தீனியைத் திணித்தால் ஒன்றும் ஆகாது. எலிக்குப் பலித்தது மனிதனுக்கும் அப்படியே பலிக்கும் என்று முடிவு கட்டாமல், பரீட்சித்துப் பார்த்து, "அவ்வளவில்லை" என்று தாங்களே சொன்னார்களே, அந்த நாணயம் எந்தப் புராணத்திலாவது உண்டா?

இராத் தொழிலாளிக்கு

இந்த ஊரில் சுரங்கமும் மின் நிலையமும் இரவு பகலாக ஓடுகின்றன. நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்துக் கொண்டிருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். ஆகையால் உங்களில் பலர் இரா ஷிப்ட் பார்ப்பவர்கள். உங்கள் வயிற்றுக்கு உள்ள கஷ்டம் ஆபீசில் உட்காருபவனுக்குத் தெரியாது.

நம் தேகத்துக்குள்ளே ஒரு கடிகாரம் இருக்கின்றது. அது எப்படி ஓடுகின்றது என்று கண்டுபிடித்ததற்காக ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரப்படி நடுநிசியில் உண்ட சோற்றைச் சமாளிக்கத் தேகம் தயாராக இருப்பதில்லை. 2021-இல் அமெரிக்காவில் 19 பேரை ஆராய்ச்சிக் கூடத்தில் வைத்து இரா வேலை போலவே விழிக்கச் செய்தார்கள். இரவில் உண்டவர்களுக்கு இரத்தத்தில் சர்க்கரை நூற்றுக்கு 6.4 பங்கு ஏறியது. பகலில் மட்டும் உண்டவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 19 பேர் என்பது சிறிய தொகைதான்; ஆனாலும் யோசிக்கத்தக்கது. இரா வேலைக்குப் போகும் தோழர், கிளம்புமுன் நன்றாக உண்டுவிட்டு, நடு இரவில் புரோட்டாவும் சால்னாவும் என்று போகாமல் தண்ணீரோ, வேண்டுமானால் இலகுவான ஏதாவதோ கொண்டு சமாளித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் கனமான வேலை செய்கிறவனுக்கு மயக்கம் வருகின்றது என்றால் உண்ணத்தான் வேண்டும். இயந்திரத்தின் பக்கத்தில் தலை சுற்றி விழுவதற்குப் பெயர் ஆரோக்கியம் அல்ல.

ஏகாதசிக்கு நோபல் பரிசா?

இனி வைதிகர்களுடைய புரட்டுக்கு வருவோம். ஜப்பான் தேசத்து ஒசுமி என்பவருக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினி போடப்பட்ட உயிரணு தனக்குள்ளே இருக்கும் கழிவைத் தானே தின்று, அதிலிருந்து வேண்டியதை மறுபடி செய்து கொள்ளுகின்றது என்பது முன்பே தெரிந்த சங்கதி. அது எப்படி நடக்கின்றது, எந்தெந்த ஜீன்கள் அதை நடத்துகின்றன என்று அவர் கண்டுபிடித்தார். எதில் கண்டுபிடித்தார்? கள்ளையும் ரொட்டி மாவையும் பொங்கவைக்கிற ஈஸ்டில்! இதை வைத்துக்கொண்டு, "ஏகாதசி இருந்தால் புற்றுநோய் தீரும் என்று நோபல் பரிசே சொல்லிவிட்டது" என்று கைப்பேசிக்குக் கைப்பேசி செய்தி அனுப்புகிறார்கள். ஒசுமி பஞ்சாங்கத்தையும் பார்க்கவில்லை, புற்றுநோயாளிக்குப் பட்டினியும் போடவில்லை.

உண்மையிலேயே ஏகாதசி ஜீரணத்துக்காக ஏற்பட்டதென்றால், அதைப் பற்றிய புராணத்தில் ஜீரணத்தைப் பற்றி ஏதாவது இருக்க வேண்டாமா? அதில் இருப்பது என்ன? அன்றைக்குப் பாவமெல்லாம் வந்து தானியத்தில் குடியேறுகின்றதாம். ஆகையால் சோறு உண்ணக் கூடாதாம். மறுநாள் துவாதசியன்று அந்தப் பாவம் எங்கே போகின்றது? அதே குதிரில் அதே அரிசிதானே இருக்கின்றது! பிறையின் பதினோராவது நாளென்று வயிற்றுக்குத் தெரியுமா? நேற்றுக் கல்யாண விருந்தில் மூக்குமுட்டத் தின்றவனுக்கு ஓய்வு இன்றைக்கு வேண்டும். பஞ்சாங்கமோ பத்து நாள் கழித்து என்கின்றது. முந்தாநாளிலிருந்து கூலி இல்லாமல் கிடப்பவனுக்கு இன்றைக்குச் சோறு வேண்டும். பஞ்சாங்கமோ இன்று பட்டினி என்கின்றது.

அதுவும் நம்மவர் விரதத்தின் லட்சணத்தைப் பாருங்கள்! சோறு கூடாது, ஆனால் உப்புமா ஆகும், அடை ஆகும், கிழங்கு வறுவல் ஆகும், பாலும் பழமும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆகும். இதனால் அரிசி ஒரு ஆழாக்கு மிச்சமானால் நெய் இரண்டு ஆழாக்குச் செலவாகின்றது. குடலுக்கு ஓய்வு கொடுத்ததாகச் சொல்லி அதனிடம் இரட்டை வேலை வாங்குவதற்கு விரதம் என்று பெயர்!

இந்த ஊரில் பாய்லரை அவ்வப்போது நிறுத்திப் பழுது பார்க்கிறீர்கள். எப்படி நிறுத்துகிறீர்கள்? எத்தனை மணி ஓடியது, குழாய் எவ்வளவு தேய்ந்தது என்று இன்ஜினீயர் கணக்குப் பார்த்து நிறுத்துகிறாரா, அல்லது ஏகாதசி, கிருத்திகை என்று ஐயரைக் கேட்டு நிறுத்துகிறாரா? 1930-களில் இங்கே ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக வந்த மண்ணை, பூமாதேவி கோபம் என்று பரிகாரம் செய்து மூடியிருந்தால் இந்த நகரியம் ஏது? "இது என்ன?" என்று கேட்டதால் அல்லவா பழுப்பு நிலக்கரி வந்தது! இரும்புப் பாய்லருக்குக் காட்டுகிற அறிவை உங்கள் சொந்த வயிற்றுக்கும் காட்டுங்கள் என்றுதான் நாம் கேட்கிறோம்.

விரதம் யார் தலையில் விழுகின்றது?

தாய்மார்களே! நீங்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, சஷ்டி, கிருத்திகை, வரலட்சுமி, காரடையான் நோன்பு என்று வருஷத்தில் வருகிற விரதங்களையெல்லாம் கணக்குப் போட்டால், அதில் பெரும்பங்கு யார் வயிற்றில் விழுகின்றது? புருஷன் ஆயுளுக்காகப் பெண்சாதி பட்டினி. பிள்ளைக்காகத் தாய் பட்டினி. நல்ல மாப்பிள்ளைக்காகக் குமரிப்பெண் பட்டினி. பெண்சாதி ஆயுளுக்காக ஒரு வேளை டீயை விட்ட புருஷன் ஒருவனை இந்தக் கூட்டத்தில் காட்டுங்கள் பார்ப்போம்! அந்தக் காலத்தில் விதவைகளை ஒரு பொழுதுச் சோற்றில் வைத்திருந்தார்களே, அது ஆரோக்கியத்துக்காகவா? அவர்கள் உடம்பை வாட்டி அடக்குவதற்காகத்தானே!

2019 முதல் 2021 வரை சர்க்கார் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்று கண்டிருக்கின்றது. எல்லாருக்கும் போட்டுவிட்டு, சட்டியில் மிஞ்சியதைக் கடைசியில் வழித்து உண்ணுகிற பெண்ணுக்கு, வாரத்தில் ஒரு நாள் சாமி பெயரால் அதையும் பிடுங்கினால் இரத்தம் எங்கிருந்து வரும்? இப்படிப்பட்டவளிடம் போய், "நீ இருக்கிற விரதத்தைத்தான் விஞ்ஞானம் மெச்சுகிறது" என்று சொல்லுகிறவன் அவளுக்குச் செய்வது துரோகமாகும். விஞ்ஞானம் இடைவிட்டு உண்ணச் சொன்னது அளவுக்கு மிஞ்சித் தின்கிறவனை. அரைவயிறு உண்ணுகிறவளை அல்ல.

யார் இருக்கக் கூடாது?

இன்னும் சிலரும் இதில் கை வைக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சிகள், பால் கொடுக்கும் தாய்மார், வளரும் பிள்ளைகள், மெலிந்து தளர்ந்த முதியோர், இவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று உணவை நிறுத்தினால் இரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, நினைவு தப்பி, உயிருக்கே ஆபத்தாகும். வைத்தியரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றாமல் அவர்கள் ஒரு வேளையும் தவறக் கூடாது. நீண்ட பட்டினியில் பித்தப்பை சுருங்காமல் பித்தம் தேங்கிக் கல் உண்டாவதும் உண்டு. தண்ணீர்கூடக் குடியாமல் இருக்கிற விரதத்தை இந்தச் சித்திரை வெயிலில் சுரங்கத் தொழிலாளி இருந்தால், அவன் போகிற இடம் வைகுண்டம் அல்ல, ஆஸ்பத்திரிதான்.

மற்றொரு பக்கமும் ஒரு பயம் இருக்கின்றது. ஒரு வேளை தவறினால் உடனே குடல்புண் வந்துவிடும் என்று நடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். குடல்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஒரு கிருமியும், வலி மாத்திரைகளை வாரி விழுங்குவதுமேயாகும். ஆஸ்திரேலியாவில் மார்ஷல் என்ற டாக்டர் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் வாரன் என்பவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகையால் ஆரோக்கியமுள்ளவனுக்கு ஒரு வேளை தள்ளிப் போனதால் வயிறு ஓட்டையாகிவிடாது. புண் ஏற்கெனவே இருப்பவன் மட்டும் வைத்தியர் சொல்லைக் கேட்க வேண்டும்.

அணையாத அடுப்பு

தோழர்களே! இங்கிருந்து சற்றுத் தொலைவில் வடலூர் இருக்கின்றது. அங்கே இராமலிங்கர் 1867-இல் தருமச்சாலை வைத்து மூட்டிய அடுப்பு இன்றைக்கும் எரிகின்றது. கடவுளைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் நமக்குச் சம்மதமல்ல. ஆனால் பசித்து வந்தவனைப் பார்த்து "இன்று என்ன திதி? விரதம் இரு" என்று அவர் சொல்லவில்லை, ஜாதி பார்க்காமல் சோறு போட்டார். 1920-இல் நீதிக்கட்சியார் சென்னை நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகலுணவு போட்டார்கள். காமராசர் 1956-இல் அதை நாடெங்கும் கொண்டுபோனார். 2022 செப்டம்பரில் சர்க்கார் பள்ளியில் காலை உணவும் தொடங்கியது. இவ்வளவு பாடுபட்டுப் பிள்ளைகள் வாய்க்கு வந்த சோற்றை, "காலையில் உண்ணாதிருப்பதே நாகரிகம்" என்று புதுப் பேச்சுப் பேசி எவனாவது தட்டிவிட வந்தால் விடாதீர்கள்.

ஆகவே நாம் சொல்லுவது இவ்வளவுதான். வசதியும் ஆரோக்கியமும் உள்ளவர்கள் இரவு ஏழு மணிக்கு உண்டு, காலை ஏழு மணி வரையில் வயிற்றைச் சும்மா விடுங்கள். இடையிடையே கொறிப்பதை நிறுத்துங்கள். ஒரு மாதம் செய்து, நெஞ்செரிச்சல் குறைந்ததா, காலையில் வயிறு சுத்தமாகின்றதா, தூக்கம் வந்ததா என்று நீங்களே குறித்துப் பாருங்கள். நன்மை தெரிந்தால் தொடருங்கள். தொல்லை தெரிந்தால் விட்டுவிடுங்கள். விட்டால் கண் குத்துகிற சாமி இதில் இல்லை. சாமிக்கு இருந்த விரதத்தை நடுவில் விட முடியாது. வயிற்றுக்குக் கொடுத்த ஓய்வை எப்பொழுது வேண்டுமானாலும் மாற்றலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுவேயாகும்.

நாம் சொன்னோம் என்பதற்காக இதில் ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டியதில்லை. உங்கள் வயிறு உங்களிடம் இருக்கின்றது. அறிவும் உங்களிடம் இருக்கின்றது. இரண்டையும் பஞ்சாங்கக்காரனிடம் அடகு வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.